புதன்கிழமைக் கவர்

திருநகர், மதுரை - 6
12 ஜூன் 2024, புதன்

அன்புள்ள ஞானமுத்து அண்ணனுக்கு,

கடிதத்தைப் பார்த்துப் பதறாதே. யாரும் சாகவில்லை, யாருக்கும் கல்யாணமும் இல்லை. நானும் ஷெரினும் சுகம். மஸ்கட்டில் என் வீட்டுக்காரர் மெர்வினும் சுகம், ஊருக்கெல்லாம் ஏ.சி. மாட்டிவிட்டு அவர் மட்டும் வெயிலில் நிற்கிறாராம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? ஓசூர்க் குளிருக்கு மப்ளர் கட்டுகிறாயா, இல்லை ஃபேக்டரியில் கிழவன் என்பார்கள் என்று வெறும் கழுத்தோடு அலைகிறாயா?

போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். நாம் போனில் பேசுவது ஒரு பேச்சா? "நல்லாருக்கியாண்ணே" என்பதற்குள் ஷெரின் பிடுங்கிக்கொள்வாள்.

விஷயம் இதுதான். போன புதன்கிழமை அவளுடைய பேச்சுப் பயிற்சி முடிந்து வரும் வழியில் ஒரு இன்சூரன்ஸ் தாளைத் தபால் பெட்டியில் அவள் கையாலேயே போடச் சொன்னேன். உள்ளே விழுந்த சத்தம் பிடித்துவிட்டது. ஷெரினுக்கு ஒன்று ஒரு தடவை பிடித்துவிட்டால் அது அப்புறம் சட்டம். இன்று காலை பல் துலக்கும்போதே "பெட்டி, நாலு மணி" என்று ஆரம்பித்துவிட்டாள். இனி எல்லாப் புதனும் நாலு மணிக்கு அந்தப் பெட்டியில் ஒரு கவர் விழுந்தாக வேண்டும்.

யாருக்கு அனுப்புவது? நம் சொந்தத்தில் பதினேழு வருஷமாக ஒரே மாடி அறையில் இருப்பவன் நீ ஒருத்தன்தான். பெண்டாட்டி என்று ஒருத்தி வந்திருந்தால் இரண்டு வீடாவது மாற்றியிருப்பாள். தவிர, உன் 635109 அவளுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. பத்து வயதில் அவள் வாயால் சொல்லும் வார்த்தை நூறு தேறாது. மனப்பாடமாய் வைத்திருக்கும் பின்கோடு முந்நூறு தேறும்.

இதைப் பயிற்சி நிலைய வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். முக்கால் மணி நேரம் எனக்கு விடுதலை. இந்தப் பெஞ்சில் எட்டு அம்மாக்கள். ஒன்பது மாதமாகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தும் ஒருத்தர் பேர் ஒருத்தருக்குத் தெரியாது. அந்தச் சிவப்புச் சேலை ராம்கி அம்மா, தூங்கி விழுகிறவர் தமிழ்மாறன் அம்மா. நான் ஷெரின் அம்மா. ஆனிமேரி என்று என்னைக் கூப்பிட நீ ஒருத்தன், ரேஷன் கார்டு ஒன்று.

எனக்கு ஒன்றுமில்லை. ரத்தம் கொஞ்சம் குறைவு என்று இரும்பு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். வாயெல்லாம் ஆணியைச் சப்பின மாதிரி இருக்கிறது.

பதில் வேண்டாம். உன் கையெழுத்தைப் படிக்க முக்கால் மணி நேரம் போதாது.

நாலு மணி ஆகப்போகிறது,
மேரி


ஓசூர்
15 ஜூலை 2024

பாசமுள்ள தங்கச்சி மேரிக்கு,

வெறும் கழுத்து அண்ணன் எழுதுவது. சுகம். முதுகுவலியும் சுகம், என்னோடு நீடித்துக் குடித்தனம் நடத்தியது அது ஒன்றுதான், அதை எப்படி விரட்டுவது? ஷெரின் நன்றாகச் சாப்பிடுகிறாளா? நீ சாப்பிடுகிறாயா?

உன் கடிதங்களால் இங்கே என் மானம் போய்விட்டது. எங்கள் தபால்காரர் விருமாண்டி நம் பக்கத்து ஆள், உசிலம்பட்டி. முதல் கவரைக் கொடுக்கும்போதே, "அண்ணே, கையால அட்ரஸ் எழுதுன கவரைப் பாத்து எம்புட்டு நாளாச்சு. பொம்பளை எழுத்தாவுல இருக்கு" என்றார். மத்தியானத்துக்குள் ஸ்டோர் கீப்பர் ஞானமுத்துவுக்கு ஐம்பத்தொரு வயதில் ஒரு இது வந்துவிட்டதாக கேண்டீன் வரை செய்தி. ஸ்டோரில் என்னோடு இருக்கும் சிவக்குமார், "புதன்கிழமை போட்டு வெள்ளிக்கிழமை வருதே, அம்புட்டு அவசரமா" என்கிறான். நான் மறுக்கவில்லை. இந்த மாதிரி ஒரு பழி என்மேல் விழுந்து இருபது வருஷம் ஆகிறது. அனுபவிக்கிறேன்.

என் இடது காதும் நலம். ஷெரின் கடித்த தழும்பு அரை அரிசி அளவுக்கு நிற்கிறது. கேட்பவர்களிடம் நாய் என்று சொல்லிவிடுகிறேன். மருமகள் கடித்தாள் என்றால் கதை கேட்க உட்கார்ந்துவிடுவார்கள், அந்தக் கதையில் என் பங்கு அவ்வளவு நன்றாக இல்லை.

அது இருக்கட்டும். ஜூலை 3 கவரில் ஒன்றுமில்லை. ஒட்டியிருக்கிறது, ஸ்டாம்பு இருக்கிறது, உள்ளே தாள் இல்லை. சரி, மறந்துவிட்டாய் என்று நினைத்தேன். 10-ஆம் தேதிக் கவரும் வெறும் கவர். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், உதறினேன். பார்த்துக்கொண்டிருந்த விருமாண்டி, "கோவமா இருக்காகபோல" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

என்ன விஷயம்?

காலியாக வந்தாலும் கவரைப் பத்திரப்படுத்தும்,
ஞானமுத்து


திருநகர்
24 ஜூலை 2024, புதன்

அன்பு அண்ணனுக்கு,

உன் காதல் விவகாரம் தெரிந்து சந்தோஷம். பெண் வீட்டார் சார்பில் சொல்கிறேன், மாப்பிள்ளையின் ஜாதகம் சரியில்லை. இங்கே எல்லாரும் சுகம். உனக்குச் சளி கிளி இல்லையே?

வெறும் கவருக்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. சில புதன்கிழமை பெஞ்சில் உட்கார்ந்ததும் கண் சொருகிவிடுகிறது. ஆனால் நாலு மணி நாலு மணிதானே. கவரை ஒட்டிக் கொடுத்துவிடுவேன். அவளுக்குச் சத்தம்தான் கணக்கு.

வீட்டுச் செய்தி கேள். போன ஞாயிறு மெர்வினின் சித்தப்பா மகள் கல்யாண வரவேற்பு. நாலு வருஷத்தில் நாங்கள் போன முதல் விசேஷம். ஷெரினுக்குக் காதுக்கு மாட்டுகிற ஹெட்போன், அவளுடைய பழைய பின்கோடு டைரி எல்லாம் எடுத்துக்கொண்டு, ஆறு மணி விசேஷத்துக்கு நாலரைக்கே போய்க் காலி மண்டபத்தில் சாப்பிட்டுவிட்டு, மைக் வைப்பதற்குள் கிளம்பிவிட்டோம். பந்தி பரிமாறுகிறவர், "பொண்ணு வீடா மாப்ள வீடாக்கா" என்றார். "சமையக்காரர் வீடு" என்றேன். வாசலில் ஒரு அத்தை பிடித்துக்கொண்டு, "இன்னும் சரியாகலையா" என்று கேட்டாள், ஏதோ காய்ச்சல் மாதிரி. ஆட்டிசம் காய்ச்சல் இல்லை அத்தை, அவள் இப்படித்தான், நல்லாத்தான் இருக்கா என்று வருஷக்கணக்காகச் சொல்கிற பாடத்தை ஒருமுறை ஒப்பித்துவிட்டு வந்தேன்.

ஞாயிறு மத்தியானங்களில் எங்களுக்கு ஒரு உல்லாசப் பயணம் உண்டு. பெரியார் நிலையத்தில் அழகர்கோவில் பஸ் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, கோரிப்பாளையம் நெரிசலில் கண்ணை மூடி, தாண்டினதும் திறந்து, கடைசி நிறுத்தத்தில் இறங்காமல் குரங்குகளைப் பார்த்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்புவது. கண்டக்டருக்குப் பழகிவிட்டது. "என்னக்கா, இன்னிக்கும் சாமி கும்பிடலையா" என்பார். "நாங்க அந்தோணியார் கோயில்" என்பேன். "அதுக்கு எதுக்கு இம்புட்டுத் தூரம்" என்பார்.

பக்கத்து வீட்டு ராமக்காள் உன்னை விசாரித்தாள். அவள் விசாரிப்பது என்றால் எனக்குப் பயம்.

கூப்பிடுகிறார்கள்,
மேரி


ஓசூர்
1 ஆகஸ்ட் 2024

மேரிக்கு,

சளி இல்லை. கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முன்பக்கம் ஒரு தடவை, பின்பக்கம் ஒரு தடவை.

கைக்குக் கிடைத்த தாளில் எழுதுகிற பழக்கம் உனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. அவரும் கல்லறைத் தோட்ட ரசீதின் பின்னால் மளிகைச் சாமான் எழுதுவார். நீ வரவேற்புக் கதை எழுதிய தாளின் பின்பக்கம் இருந்தது ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டு. கர்ப்பப்பையில் கட்டி, எடுத்துவிட வேண்டும், ரத்தம் ஏழு புள்ளி இரண்டு, "தள்ளிப்போட வேண்டாம்" என்று அடியில் கோடு. அட்மிட் ஆக வேண்டிய தேதி ஜூன் 3, அடித்திருக்கிறது. ஜூலை 1, அடித்திருக்கிறது. ஜூலை 29, அதுவும். மூன்றையும் அடித்தது உன் பச்சைப் பேனா.

ஆணியைச் சப்பின மாதிரி இருக்கிறது என்றாயே, இதுதானா அந்த ஆணி?

மெர்வினுக்குத் தெரியுமா? தெரியாது என்று நினைக்கிறேன். தெரிந்தால் அந்த மனுஷன் வேலையைப் போட்டுவிட்டு ஏறி வந்துவிடுவார், அதனால் நீ சொல்லியிருக்க மாட்டாய். ஷெரினை யாரிடம் விடுவது என்றுதான் தள்ளுகிறாய். என்னிடம் விடு. எனக்கு லீவு எழுபத்துநாலு நாள் சேர்ந்து கிடக்கிறது. ஃபேக்டரியில் என்னைத் தேட மாட்டார்கள், சிவக்குமார் என் நாற்காலியைத் தேடுவான்.

தேதி சொல், வாரேன்.

அண்ணன்


திருநகர்
21 ஆகஸ்ட் 2024, புதன்

அன்பு அண்ணனுக்கு,

இரண்டு வாரமாக வந்தது வெறும் கவர்தான் என்று தெரியும். அந்த இரண்டும் தூக்கத்தால் இல்லை. எழுதி எழுதிக் கிழித்தேன்.

உன்னிடம் விட முடியாது அண்ணே.

மூன்று வருஷத்துக்கு முன்னால், மாதா சப்பரத்தன்று, நீ அவளைத் தோளில் வைத்துக்கொண்டு வெளிச்சம் காட்டப் போனாய். ஆசையாகத்தான் போனாய். பேண்டு வாத்தியம் வந்ததும் அவள் காதைப் பொத்தினாள். நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே ஓடி வந்தேன், கூட்டத்தில் முடியவில்லை. நீ, "இந்தா பாரு, மாமா ஆடுறேன்" என்று அவளைச் சிரிக்க வைக்க டிரம்ஸுக்கு முன்னாலேயே போய் ஆடினாய். மறுபடி பொத்தினாள். நீ இன்னும் ஆடினாய். அப்புறம்தான் கடித்தாள், குதித்தாள், ஓடினாள். நாற்பது நிமிஷம் தேடினோம். கூரியர் கடை மேஜைக்கு அடியில், கவர்களில் இருந்த பின்கோடுகளை விரலால் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய பின்கோடு அன்றைக்கு ஆரம்பித்ததுதான்.

உன்மேல் கோபமில்லை. உனக்குப் பயம் வந்தால் வேடிக்கை பண்ணுவாய். நானும் அப்படித்தான், ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஆனால் அவளுக்குப் பயம் வரும்போது பக்கத்தில் வேடிக்கை ஆகாது.

வேறு வழி பார்த்தேன். ஐந்து நாளைக்கு விடலாம் என்று ஒரு காப்பகத்துக்குப் போனேன். சுத்தமான இடம், தங்கமான மனுஷர்கள். இரண்டு செட் துணி, தட்டு, டம்ளர், இரண்டு போட்டோ கொண்டுவரச் சொன்னார்கள். போட்டோ எதற்கு என்றேன். வெளியே போய்விட்டால் தேடுவதற்கு என்றார்கள். நியாயம்தான். பஸ் ஏறி வந்துவிட்டேன்.

ராமக்காளிடம் ஒருநாள் சாயங்காலம் விட்டுப் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் வேப்பிலையோடு நின்றாள்.

மெர்வின் டிசம்பரில் லீவில் வரும்போது பார்த்துக்கொள்ளலாம். அதுவரை மாத்திரை இருக்கிறது. முதுகைக் கவனித்துக்கொள்.

மேரி


ஓசூர்
29 ஆகஸ்ட் 2024

மேரிக்கு,

நீ எழுதியது எல்லாம் சரி. அவள் காதைப் பொத்தியதை நான் பார்த்தேன். இரண்டு தடவையும் பார்த்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை காலை வந்து, ஞாயிறு சாயங்காலம் திரும்பிவிடுகிறேன். அவளை என்னிடம் விட வேண்டாம். நான் உன் வீட்டில் ஒரு மூலையில் பேசாமல் இருக்கக் கற்றுக்கொள்கிறேன். தேறினால் பார்ப்போம். தேறாவிட்டால் டிசம்பர்.

எதைச் செய்யக் கூடாது என்று எழுதி அனுப்பு. ஸ்டோர் கீப்பருக்குப் பட்டியல் இல்லாமல் கையும் ஓடாது காலும் ஓடாது.

மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடு. மாதுளம்பழம் வாங்கித் தின். இதையெல்லாம் சொல்ல எனக்கு என்ன தெரியும், எங்கள் மெஸ் சுவரில் காலண்டரில் போட்டிருக்கிறது.

ஞானமுத்து


திருநகர்
11 செப்டம்பர் 2024, புதன்

அன்பு அண்ணனுக்கு,

வருகிற சனிக்கிழமை வா. பட்டியல் கேட்டாய், பிடி.

வாசலில் வந்ததும் "ஷெரின் குட்டி" என்று கத்தாதே. ஒரு தடவை பேர் சொல், பதில் வராவிட்டால் விட்டுவிடு, அவளுக்குக் கேட்டிருக்கும். கோடு போட்ட சட்டை வேண்டாம். தலைக்கு நீ தடவும் அந்தப் பச்சைத் தைலம் கூடவே கூடாது, எனக்கே ஆகாது. விசில் அடிக்காதே. "கொஞ்சம் பொறு" என்று சொல்லாதே. கொஞ்சம் என்பது எம்புட்டு என்று அவளுக்கு யார் சொல்வது? "பத்து எண்ணு" என்றால் எண்ணுவாள். தோசை முக்கோணமாக மடித்திருக்க வேண்டும், கூர் முனை அவள் பக்கம். பிய்ந்த தோசை தோசையே இல்லை. ஃபேன் மூன்றில் ஓடட்டும். கையை உதறிக்கொண்டு குதித்தால் சந்தோஷம் என்று அர்த்தம், பிடித்து நிறுத்தாதே. எல்லாப் பொருளுக்கும் ஒரு இடம் உண்டு; உன் செருப்பை நீ கழற்றிய இடத்தில் பார்க்க முடியாவிட்டால் தேடாதே, அதன் இடத்தில் இருக்கும். காதைப் பொத்தினால் வாயை மூடு. இது ஒன்றை மட்டும் மறக்காதே, மற்றதில் பாதியை மறந்தாலும் பரவாயில்லை.

உனக்கு என்ன குழம்பு வைக்க? அவளுக்கு வாசனை ஆகாது என்பதால் எங்கள் வீட்டில் மீன் வைத்து ஐந்து வருஷம். உனக்கும் ரசம்தான்.

மேரி


ஓசூர்
1 அக்டோபர் 2024

பாசமுள்ள மேரிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். முதுகு பஸ்ஸிலேயே தங்கிவிட்டது. நீ எப்படி இருக்கிறாய்? படியேறும்போது சுவரைப் பிடிக்கிறாய், பார்த்தேன்.

இரண்டு தடவை வந்ததில் என் மதிப்பெண் எனக்கே தெரியும். முதல் தடவை ஷெரின் என் பையைக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். அவ்வளவு மரியாதையாக என்னை யாரும் வெளியே அனுப்பியதில்லை. என் தோசைகள் ஒன்றுகூட முக்கோணம் இல்லை. ஒன்று இலங்கை மாதிரி வந்தது. எல்லாவற்றையும் நானே தின்றேன்.

ஆனால் ஞாயிறு பூசைக்கு நீ போயிருந்த ஒன்றேகால் மணி நேரத்தில் ஒன்று நடந்தது. உன்னிடம் நேரில் சொல்லத் தைரியமில்லை.

கரண்டு போய்விட்டது. ஃபேன் நின்றதும் அவள் அலற ஆரம்பித்தாள். தலையைச் சுவரில் முட்டப் போனாள். தலையணையை மட்டும் இடையில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டேன். இரண்டு கையாலும் காதைப் பொத்தினாள். மேரி, என் வாய்க்குள் ஒரு கோமாளித்தனம் வாசல் வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து மூடினேன். தரையில், அவளுக்கு ஆறடி தள்ளிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். ஐம்பத்தொரு வருஷத்தில் நான் இவ்வளவு நேரம் சும்மா இருந்தது ஞானஸ்நானத்தின்போது மட்டும்தான், அப்போதும் அழுதேன் என்பார்கள்.

அலறல் இறங்கி விம்மலானதும், மெதுவாக, யாரிடமோ சொல்கிற மாதிரி ஆரம்பித்தேன். "625001 மதுரை. 625002 தல்லாகுளம். 625003 பழங்காநத்தம்." இது விருமாண்டி உபயம், பதினைந்து நாளாகச் சாயங்காலம் டீக்கடையில் எனக்குப் பாடம் எடுக்கிறார். "625005 பசுமலை" என்றேன்.

"நாலு" என்றாள்.

வேண்டுமென்றே தப்பாகச் சொன்னேன் என்று எழுத ஆசை. நிஜமாகவே மறந்துவிட்டேன். மூன்று வருஷத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. மீதி எல்லாவற்றையும் அவளே சொல்லி முடித்தாள். 625301 அழகர்கோவில் வந்தபோது கரண்டும் வந்தது.

அவ்வளவுதான். நீ வந்து கதவைத் திறந்தபோது நாங்கள் ஒன்றும் நடக்காதவர்கள் மாதிரி இருந்தோம்.

ஞானமுத்து


திருநகர்
9 அக்டோபர் 2024, புதன்

அன்பு அண்ணனுக்கு,

ஒன்றும் நடக்காத மாதிரியா? நான் தெருமுனையில் திரும்பும்போதே ராமக்காள் பிடித்துக்கொண்டாள். "ஏத்தா, ஒங்க அண்ணே தரையில ஒக்காந்து அட்ரஸா ஒப்பிச்சுக்கிட்டிருந்தாரு. அவருக்கும் இருக்கா?" என்றாள். "லேசா இருக்கு" என்றேன்.

நீயாகச் சொல்கிறாயா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 11, திங்கட்கிழமை அட்மிட் ஆகிறேன். தீபாவளி வெடியெல்லாம் ஓய்ந்திருக்கும். மறுநாள் ஆபரேஷன், சனிக்கிழமை வீடு. அப்புறமும் கொஞ்ச நாள் குடம் தூக்கக் கூடாதாம், மெர்வின் வரும் வரை நீ இருக்க வேண்டியிருக்கும். அவரிடமும் சொல்லிவிட்டேன். எல்லாம் கேட்டுவிட்டு, "மச்சானுக்கு தோசை வருமா" என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் என்னோடு கனகா இருப்பாள். நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் பக்கத்து வகுப்பு டீச்சர், அவளாகவே லீவு போட்டிருக்கிறாள்.

ஒரே ஒரு பயம். கிரில் கேட் எப்போதும் உள்பக்கம் பூட்டியிருக்க வேண்டும். திறந்திருந்தால் அவள் நேரே திருமங்கலம் ரோட்டுக்குப் போய்விடுவாள், பஸ் நம்பர் பார்க்க. அந்தப் பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று என் கைப்பையில். இன்னொன்றை நான் இதுவரை யார் கையிலும் கொடுத்ததில்லை. உன்னிடம் தருகிறேன். வாசல் ஆணியில் மாட்டு, வேறெங்கும் வைக்காதே.

பயமாக இருக்கிறது. வா.

மேரி


திருநகர்
14 நவம்பர் 2024, வியாழன்

பாசமுள்ள தங்கச்சிக்கு, கனகா டீச்சர் கையில் கொடுத்தனுப்புவது.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்று செவ்வாய்க்கிழமை கனகா சொன்னதும் ஷெரினிடம் சொன்னேன். கையை உதறிக்கொண்டு மூன்று தடவை குதித்தாள். நானும் குதித்தேன், ஒரு தடவை. வலி எப்படி? கஞ்சி இறங்குகிறதா?

இங்கே எல்லாம் ஒழுங்கு. செவ்வாய் ராத்திரி முக்கோணம் வந்துவிட்டது. நிஜ முக்கோணம், மூன்று முனை. அவள் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தின்றாள். எனக்குக் கண் கலங்கியது என்று மெர்வினிடம் சொல்லாதே. மிளகாய்ப் பொடி என்று சொல்.

நேற்று புதன். உன் ஆஸ்பத்திரி விலாசத்தை எழுதி ஒரு கவர் தயாராக வைத்திருந்தேன். திரும்பியும் பார்க்கவில்லை. வேறு கவர் எடுத்து, அவளே, பெரிய பெரிய எழுத்தாக மாமா, ஓசூர், 635109 என்று எழுதினாள். "மாமா இங்கதான தாயி இருக்கேன், அங்க யாரு வாங்குவா" என்றேன். என்னைப் பார்த்தாள், கவரைப் பார்த்தாள். ஒன்பதை மட்டும் இன்னும் கொஞ்சம் அழுத்தி எழுதினாள். "சரி, வெறும் கவராப் போடாத, உள்ள என்னத்தையாச்சும் வையி" என்று சொல்லிவிட்டு அடுப்பை அணைக்கப் போனேன். வருவதற்குள் ஒட்டிவிட்டாள். சரியாக நாலு மணிக்குப் பெட்டியில் விழுந்தது.

கேட்டைப் பற்றி யோசிக்காதே. அது என் பொறுப்பு. வேறு செய்தி இல்லை.

நன்றாகத் தூங்கு,
அண்ணன்


ஓசூர்
5 டிசம்பர் 2024

பாசமுள்ள மேரிக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். தையல் போட்ட இடம் இழுக்கிறதா? மெர்வின் குடம் தூக்குகிறாரா, இல்லை மஸ்கட் களைப்பு என்று படுத்திருக்கிறாரா? மூன்று வாரம் உங்கள் வீட்டில் இருந்துவிட்டு வந்து நேற்று மெஸ்ஸில் தோசையை முக்கோணமாக மடித்து, கூர் முனையை என் பக்கம் திருப்பி வைத்தேன். சிவக்குமார் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டான்.

ஒரு பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். சாமியாரிடம் சொல்வதைவிட உன்னிடம் சொல்வதுதான் கஷ்டம்.

நவம்பர் 13, புதன்கிழமை, பெட்டிக்குக் கிளம்பும்போது ஆணியில் சாவி இல்லை. சற்று முன்னால் பூட்டைத் திறந்துவிட்டு நான்தான் மாட்டினேன், சத்தியம்; சாவி இல்லாமல் அந்தப் பூட்டைத் திரும்பப் பூட்டவும் முடியாது. நாலு மணிக்கு ஏழு நிமிஷம் இருந்தது. ராமக்காளை வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தாழ்ப்பாளை மட்டும் போட்டுக்கொண்டு ஓடினோம். திரும்பி வந்து தேடினேன். அரிசி டப்பாவில், ஷூவுக்குள், ஃப்ரிட்ஜில், மாதா படத்துக்குப் பின்னால். கிடைக்கவில்லை. உன் கைப்பையில் இன்னொன்று இருப்பது தெரியும். கேட்டிருந்தால் நீ தையலோடு கட்டிலிலிருந்து இறங்கி வந்திருப்பாய். அதனால் கேட்கவில்லை. நீ வரும் வரை மூன்று ராத்திரியும் கேட்டுக்குக் குறுக்கே பாய் போட்டுப் படுத்தேன். தெருநாய் ஒன்று முதல் நாள் முறைத்தது, இரண்டாம் நாள் இடம் கொடுத்தது. சனிக்கிழமை நீ வந்ததும், "என் சாவி பையில இருக்கு" என்று சொன்னது பச்சைப் பொய்.

இப்போது கேள். நேற்று விருமாண்டி ஒரு கவரை நீட்டினார். "எடை கூடிப்போச்சுண்ணே, அபராதம் கட்டணும். நீங்க ஊர்ல இல்லைன்னு வச்சிருந்தேன். உள்ள என்னமோ கிலுகிலுங்குது. இந்தத் தடவை வெறும் கவர் இல்ல" என்றார். மாமா, ஓசூர், 635109. ஒன்பது அழுத்தி எழுதியிருந்தது.

உள்ளே உன் கேட் சாவி.

தபால் பெட்டிக்குப் போகும் வழியெல்லாம் அவள் கையில் இருந்திருக்கிறது. நான் அவளிடமே, "சாவியப் பாத்தியா தாயி" என்று நாலு தடவை கேட்டேன். கவர் கனமாகத் தெரிந்தது, பென்சில் வைத்திருப்பாள் என்று விட்டுவிட்டேன். ஏன் செய்தாள் என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன். நான் சொன்னபடி உள்ளே எதையோ வைத்தாளா, இல்லை எல்லாப் பொருளையும் அதன் இடத்தில் வைப்பவள் இதையும் அப்படித்தான் வைத்தாளா, எனக்குத் தெரியவில்லை.

உன் சாவியைத் தொலைத்தவன் என்று நீ திட்டலாம். பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பிவிடுகிறேன். ஒரு வரி எழுது.

குற்றவாளி,
ஞானமுத்து


திருநகர்
11 டிசம்பர் 2024, புதன்

அன்பு அண்ணனுக்கு,

தையல் இழுக்கவில்லை. ரத்தம் பத்துக்கு வந்துவிட்டது. சுகமாக இருக்கிறேன், இந்தத் தடவை நிஜமாகவே. மெர்வின் குடம் தூக்குகிறார், தூக்கும்போதெல்லாம் நான் பார்க்கிறேனா என்று பார்க்கிறார்.

உன் பாவசங்கீர்த்தனம் பழைய செய்தி. வியாழக்கிழமை காலையிலேயே ராமக்காள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுவிட்டாள். "ஏத்தா, ஒங்க அண்ணே கேட்டுக்குக் குறுக்க படுத்துக் கெடக்காரு. சாவியத் தொலைச்சுப்புட்டாருபோல, அரிசி டப்பாவெல்லாம் தொழாவுறாரு" என்றாள். கனகா உடனே என் கைப்பையைத் திறந்து, "நான் போய் இதைக் குடுத்துட்டு வாரேன்" என்று எழுந்தாள். நான்தான் வேண்டாம் என்று உட்கார வைத்தேன். ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை. அன்று ராத்திரி ஏழு மணி நேரம் தூங்கினேன். ஷெரின் பிறந்ததற்கு அப்புறம் நான் அப்படித் தூங்கியதில்லை.

சாவியைத் திருப்பி அனுப்பாதே. பூட்டை மாற்றவில்லை.

பயிற்சி நிலையப் பெஞ்சில் இன்று தமிழ்மாறன் அம்மாவிடம் பேர் கேட்டேன். முத்துச்செல்வியாம். உன் கதையைச் சொன்னேன், விழித்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு அண்ணன் இல்லையாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் இரண்டு பேரையும் அழகர்கோவில் பஸ்ஸில் கூட்டிப் போவோம் என்று பேசியிருக்கிறோம்.

கிறிஸ்துமஸுக்கு வரும்போது கோடு போட்ட சட்டை வேண்டாம். காலிங் பெல் அடிக்காதே, அவளுக்கு ஆகாது. நீயே திறந்துகொண்டு உள்ளே வா.

மேரி